கிட்வே வீட்டைப் பற்றி

அன்பு நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மகளின் திருமணம் நல்லபடி நிறைவேறியதில் எங்கள் எல்லோருக்கும் மகிழ்ச்சி. அம்மா முழங்கால் அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு இப்போது கைத்தடியுடன் தெருமுனைக் கடை வரை போய் வருகிறார்.

சாம்பியாவின் கிட்வே நகரில் நாங்கள் குடியிருந்த வீட்டைச் சுற்றி ஆளுயர மதில் எழும்பிவிட்டது என்றும், 1990களில் அரசாங்க வீடுகள் குடியிருந்தவர்களுக்கே விற்கப்பட்டபோது அதை வாங்கிய குடும்பம்தான் இன்னமும் அங்கே இருக்கிறது என்றும் நீ எழுதியிருந்ததை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். "அப்ப உறுதி அவையின்ர பேரிலை" என்றார், வேறொன்றும் கேட்கவில்லை. யாழ்ப்பாணத்தாருக்கு வீட்டின் கதை காணி உறுதிப் பத்திரத்தில்தானே தொடங்குகிறது!

இரண்டு பண்பாடுகளுக்கு நடுவில் நிற்பது போல எனக்கும் தோன்றுகிறதா என்று கேட்டிருந்தாய். 1964இல் சாம்பியா சுதந்திரம் பெற்றபோது அந்த நாட்டில் பட்டதாரிகள் ஏறத்தாழ நூறு பேர்தான் இருந்தார்கள். செப்புச் சுரங்கப் பணத்தில் பாடசாலைகள் எழுந்தன, படிப்பிக்க ஆட்களை வெளியிலிருந்து எடுத்தார்கள். அப்படித்தான் நம் அப்பாமார் அங்கே போனார்கள். எழுபதுகளின் நடுவில் செப்பு விலை விழுந்து நாடு தள்ளாடத் தொடங்கிய பிறகும், ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டுக்கொண்டே இருந்தது. ஆனாலும் என் அப்பா அந்த வளவில் கத்தரியும் மிளகாயும் தவிர நிலைத்து நிற்கும் மரம் ஒன்றுகூட வைக்கவில்லை. மிச்சம் பிடித்த காசு முழுவதும் யாழ்ப்பாணத்துக் கோப்பாயில் அத்திவாரமாகவும் சுவராகவும் மாறிக்கொண்டிருந்தது. 1983 ஆடிக் கலவரத்துக்குப் பிறகு அந்த வீட்டுக்குத் திரும்பும் பேச்சே நின்றுபோனது உனக்குத் தெரியும்.

அப்பாவின் ஏக்கத்துக்கு ஒரு முகவரியும் உறுதியும் இருந்தன. நமக்கு அவை இல்லை. நாம் பிள்ளைகளாக இருந்ததால் அந்த இரவல் வீட்டை வீடென்றே நம்பினோம். இன்றுவரை என்னைக் குழப்புவது அந்த நம்பிக்கைதான், பண்பாடு அல்ல. பண்பாடு என்று பெரியவர்கள் போட்ட வேலி அப்படியொன்றும் உயரமானதாக இருக்கவில்லை. கப்பெந்தா என்ற அந்த ஊர்ச் சின்ன மீனை அம்மா நெத்தலிக் கருவாடு போலத்தான் பொரித்தார். கார்த்திகை மழையோடு செம்புற்றுகளிலிருந்து ஈசல் கிளம்பியதும் அயல் வீட்டுப் பிள்ளைகள் விளக்கின் கீழே தண்ணீர்ச் சட்டி வைத்துப் பிடிப்பதும், எண்ணெய் விடாமல் வறுத்து நமக்கும் கை நிறையத் தருவதும், "எங்கடை ஆக்கள் இதெல்லாம் தின்னுறதில்லை" என்று அம்மா நம்மை உள்ளே இழுப்பதும் உனக்கு நினைவிருக்கும். பின்னாளில் புறநானூற்றைப் புரட்டியபோது, பாரி இறந்த பின் பறம்பை நினைத்துக் கபிலர் பாடும் பாட்டில், செம்புற்று ஈசலை மோரில் சமைத்த புளிங்கூழ் வருவதைக் கண்டு வாய்விட்டுச் சிரித்தேன். அம்மாவிடம் காட்டினேன். அது அந்தக் காலம் என்றார்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். நீ உன் பிள்ளைகளுக்குச் சொல்லும் கிட்வேயில் ஜக்கரண்டா மரமும் மழை வாசமும் மட்டுமே இருக்கின்றன. சம்பளத்திலும் குடியிருப்பிலும் உள்ளூர் ஆசிரியர்களைவிட நாம் மேலே வைக்கப்பட்டிருந்தோம். என்னைச் சித்தெங்கே என்ற அந்த ஊர்ப் பெண்களின் சுற்றுத் துணியில் முதுகோடு கட்டிச் சுமந்த பெண்மணி மாலையில் தன் பிள்ளைகளிடம் நெடுந்தூரம் நடந்து போனார். 1986 மார்கழியில் சோள மாவின் விலை இரட்டிப்புக்கு மேல் ஏற்றப்பட்டுக் கிட்வே தெருக்களில் கலவரம் வெடித்தபோது, நாம் கதவைப் பூட்டிக்கொண்டு வானொலி கேட்டோம். விலையேற்றத்தை ஜனாதிபதி கவுண்டா திரும்பப் பெற்றார். அதற்குள் பலர் செத்துப்போயிருந்தார்கள். அடுத்த ஆண்டே நாங்கள் இலண்டனுக்கும் நீங்கள் ரொறன்ரோவுக்கும் கிளம்பிவிட்டோம். கிளம்பிப் போக முடிந்தவர்கள் நாம். அந்த வீடு இன்று அங்கேயே இருந்து தாக்குப்பிடித்தவர்களின் பெயரில் இருப்பது எனக்குச் சரியாகவே படுகிறது, மதில் உட்பட.

நீ அனுப்பிய படத்தில் மதிலுக்கு மேலே ஒரு மாமரம் தெரிகிறது. நம் காலத்தில் அது இல்லை. யார் வைத்தது என்று அம்மா கேட்கிறார். மறுபடி அந்தப் பக்கம் போனால் விசாரித்து எழுது. கோடையில் இங்கே வருவதாகச் சொன்னாயே, நாள் குறித்ததும் அறியத் தா. உப்வாலி என்ற அந்தச் சோளக் களியைக் கிண்டுவதற்கு வெள்ளைச் சோள மா இங்கே இலண்டனில் பெக்கம் பகுதிக் கடைகளில் கிடைக்கிறது.

அன்புடன்,
உன் பழைய அயலவன்