கோழிப்பண்ணையாளர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் தவறாமல் நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் படிப்பார். இந்த ஆண்டு நம் தூக்கத்தைக் கெடுத்தது கொரைசா என்ற கோழிச் சளி நோய். அறிக்கையின் பெரும்பகுதி அதைப் பற்றியதே.

முகம் வீங்கி, மூக்கொழுகி, முட்டை சரிந்த ஷெட்டுகளில் எல்லாம் ஏற்கெனவே தடுப்பூசி போட்டிருந்தோம். "போட்டும் ஏன் வந்தது?" என்று நீங்கள் கேட்டது நியாயம். இந்தக் கிருமியில் ஏ, பி, சி என மூன்று வகைகள். ஒரு வகைக்கான ஊசி இன்னொரு வகையைத் தடுக்காது. அதனால்தான் நம் கோழியிலிருந்தே கிருமியைப் பிரித்து, வளர்த்து, ஃபார்மலினில் கொன்று, எண்ணெய் சேர்த்துத் தயாரிக்கும் சொந்தக் கிருமித் தடுப்பூசிக்குப் போனோம்.

முதலில் அனுப்பிய மாதிரிகளில் எதுவும் வளரவில்லை. தண்ணீரில் ஆன்டிபயாடிக் கலந்த பிறகு எடுத்தவை அவை. அந்தத் தவறில் என் பண்ணைக்கும் பங்குண்டு. அடுத்த முறை மருந்து படாத, அன்றுதான் வீக்கம் கண்ட கோழிகளைக் கொண்டுபோனோம். கால்நடை மருத்துவர் கண்ணுக்குக் கீழே சூடான கத்தியால் தோலைச் சுட்டு, அறுத்து, பஞ்சுக்குச்சியை உள்ளே விட்டு எடுத்தார். இரண்டு நாள் கழித்து ஆய்வகத்தில் கிருமி வளர்த்த தட்டைக் காட்டினார்கள். நடுவே துணைக் கிருமியைக் கோடாக இழுத்திருந்தார்கள். அதை ஒட்டி மட்டும் பனித்துளி போலப் பொடிப்பொடியாக நம் கிருமி. அந்தக் கோடு தரும் சத்து இல்லாமல் அது வளராதாம். பார்த்தபோது எனக்குக் கண் கலங்கியது.

ஊசி தயாராகிச் சோதனை முடிய வாரக்கணக்கில் ஆகும். நோய் வந்த கோழிக்கு அது மருந்தல்ல. வளரும் குஞ்சுக்கு, முட்டைக்கு வருமுன், சில வார இடைவெளியில் இரண்டு முறை போட வேண்டும். போட்ட பேட்சில் இதுவரை சரிவு இல்லை. இதில் ஊசிக்கு மட்டும் பெயர் கொடுக்க நான் தயாரில்லை. நோயிலிருந்து தேறிய கோழிதான் கிருமியைச் சுமந்து திரியும். பழைய பேட்ச்சை முழுக்க இறக்கி, ஷெட்டைக் காலியாகப் போட்ட பிறகே புதியது ஏற்றினோம்; பாதிப் பலன் அதில் இருக்கிறது என்பது என் கருத்து.

பறவைக்காய்ச்சல், வெள்ளைக்கழிச்சல் சந்தேகம் என்றால் இந்த வழியை நினைக்கவே வேண்டாம். உடனே கால்நடைத் துறைக்குச் சொல்லுங்கள்.

வரும் ஆண்டில் கோழிக் காலராவுக்கும் மாதிரி சேர்க்க எண்ணியுள்ளோம். அதில் 16 வகைகள் இருப்பதால் எது நம்முடையது என்று முதலில் தெரிய வேண்டும். ஐஸ் பெட்டியும் பஞ்சுக்குச்சிகளும் சங்க அலுவலகத்தில் தயாராக இருக்கின்றன. தண்ணீரில் மருந்து கலக்குமுன் ஒரு போன் செய்யுங்கள். எந்த நேரமானாலும் வந்து எடுத்துக்கொள்கிறோம்.

செயலாளர்