டிசம்பரில் வரப்போகிற தங்கச்சிக்கு

ஈஸ்ட் ஹாம், லண்டன்
அக்டோபர் 27

அன்புள்ள தங்கச்சிக்கு,

உன் கடுதாசி கிடைத்தது. நர்ஸ் வேலைக்கு ஆர்டர் வந்ததில் அம்மாவைவிட எனக்குத்தான் சந்தோஷம். எந்த கிரீம் போட்டாலும் கன்னம் எரிகிறது, குளிர் தேசத்தில் என்ன பாடுபடுவேனோ என்று எழுதியிருக்கிறாய். மருந்துக்கடை கவுண்டரில் நின்று ஊருக்கெல்லாம் சொல்கிறேன், உனக்குச் சொல்ல மாட்டேனா?

முதலில் தண்ணீர். நம்முடையது தாமிரபரணியில் குளித்த உடம்பு. இங்கே குழாயில் வருவது சுண்ணாம்புச் சத்து ஏறிய தண்ணீர். கெட்டிலைத் திறந்தால் அடியில் வெள்ளைப் பொருக்கு தட்டியிருக்கும். இந்தத் தண்ணீரில் சோப்பு சரியாக நுரைக்காது, பிசுக்காகித் தோலில் படிந்து அரிக்கும். அமிலமா காரமா என்று காட்டும் பி.எச். அளவு தோலுக்கு 5 பக்கம், காரமான சோப்புக்கு 9, 10. அதனால் சோப்பையே விட்டுவிடு. ‘சோப் ஃப்ரீ’ என்று போட்ட கிளென்சரை ராத்திரி மட்டும் முகத்துக்குப் போடு, காலையில் வெறும் தண்ணீர் போதும். குளிக்க வெதுவெதுப்பான தண்ணீர், பத்து நிமிஷம். குளிருக்கு வெந்நீர் சுகமாகத்தான் இருக்கும். ஆனால் தோலைக் காக்கிற எண்ணெயை அது உருவிக்கொண்டு போய்விடும்.

வெளியே குளிர் என்றால் வீட்டுக்குள் ஹீட்டர் காற்றை உலர்த்திவிடுகிறது. கீழ்வீட்டு வெள்ளைக்காரப் பாட்டி ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர் ஒன்றை வாசலுக்கு உள்பக்கம் மாட்டி வைத்திருக்கிறாள். என்னைப் பார்த்ததும் "முப்பத்தெட்டு!" என்று அறிவித்துவிட்டுத்தான் குட் மார்னிங். நாற்பது, ஐம்பது சதவீதம் இருந்தால் தோலுக்கு நல்லது. முப்பதுக்குக் கீழே போனால் ஹீட்டரைக் குறைத்து, ஈரத்துணியை அறைக்குள்ளேயே காயப்போடச் சொல்வாள். ஜன்னலில் நீர் கோக்கிற அளவுக்குப் போனால் பூஞ்சை பிடிக்கும், அதையும் பார்த்துக்கொள்.

கிரீம் வாங்கும்போது முன்பக்கத்தைப் பார்க்காதே, டப்பாவைத் திருப்பு. எது அதிகமோ அதுதான் பட்டியலில் முதலில் வரும். கிளிசரின் நீரைப் பிடித்து வைக்கும், செராமைடு என்ற கொழுப்பு தோலின் காப்பு அரணைச் சரிசெய்யும், வாஸ்லின் மாதிரியான ஒயிட் சாஃப்ட் பாரஃபின் ஈரம் ஆவியாகாமல் மூடும். இந்த மூன்றும் இருந்தால் விலை குறைந்ததே போதும். ‘பர்ஃப்யூம்’, லிமோனீன், லினலூல் என்று வாசனைப் பொருள் எது இருந்தாலும் அப்படியே கீழே வைத்துவிடு. ‘அன்சென்ட்டட்’ என்பதை நம்பாதே, வாடையை மறைக்க வாசனை சேர்த்திருப்பார்கள். ‘ஃப்ராக்ரன்ஸ் ஃப்ரீ’ என்று இருக்க வேண்டும். இயற்கை என்று சொல்லி விற்கிற லாவெண்டர், டீ ட்ரீ எண்ணெய்களும் உனக்கு ஆகாது. மெத்தில்ஐசோதையாசோலினோன் என்ற பதப்படுத்தி, தடவிக் கழுவாமல் விடுகிற கிரீம்களில் இங்கே தடை. ஷாம்பூவிலும் கை கழுவும் திரவத்திலும் இன்னும் இருக்கலாம், படித்துப் பார்.

லோஷனில் தண்ணீர் அதிகம், குளிர்காலத்துக்குத் தாங்காது. பகலில் கிரீம், ராத்திரி உதட்டுக்கும் கைக்கும் ஆயின்ட்மென்ட். யூரியா கலந்தது குதிகாலுக்கு அருமையானது, வெடித்த இடத்தில் பட்டால் சுரீர் என்று எரியும். ‘அக்வியஸ் கிரீம்’ மலிவு என்று யாராவது கொடுத்தால் பூசி விடாதே. அதில் பெரும்பாலும் சோடியம் லாரில் சல்ஃபேட் என்ற நுரைப் பொருள் இருக்கும், உலர்ந்த தோலை இன்னும் கெடுக்கும்.

புதிதாக எதை வாங்கினாலும் முழங்கை மடிப்பில் தினம் இரண்டு வேளை, ஏழு நாள் போட்டுப் பார்த்துவிட்டு முகத்துக்குப் போ. ஒரே நேரத்தில் இரண்டைத் தொடங்கினால் எது கடித்தது என்றே தெரியாது. எரிந்தால் வேலை செய்கிறது என்று அர்த்தம் என்பார்கள், சுத்தப் பொய். குளித்துத் துண்டால் ஒற்றி, ஈரம் காயுமுன் முடி வளரும் திசையில் தடவு. டாக்டர் ஸ்டீராய்டு ஆயின்ட்மென்ட் கொடுத்தால் அதற்கும் கிரீமுக்கும் நடுவே இருபது நிமிஷமாவது விடு. டப்பாவில் விரலை விடாதே, சுத்தமான ஸ்பூனால் எடு.

உன் வேலைக்குக் கைதான் முதலில் அடிபடும். கையில் அழுக்கு தெரியாதபோது, வார்டு விதி இடம் கொடுத்தால், சோப்பைவிட ஆல்கஹால் ஜெல்லே தோலுக்கு நல்லது. மோதிரத்துக்கு அடியில் சோப்பு தங்கினால் அந்த இடம்தான் முதலில் புண்ணாகும்.

இன்னொன்று, மறந்துவிடாதே. பாரஃபினோ எண்ணெயோ ஊறிய துணி சட்டென்று தீப்பிடிக்கும், துவைத்தாலும் முழுதாகப் போகாது. விளக்கு ஏற்றும்போது துப்பட்டாவை எடுத்து வைத்துவிடு.

தேங்காய் எண்ணெய் இங்கே பாட்டிலுக்குள் கல்லாக உறைந்துவிடும். உள்ளங்கையில் வைத்து உருக்கும்போது வாசனை வருகிறது பார், வெள்ளிக்கிழமை அம்மா நம் இரண்டு பேர் தலையிலும் வைத்துச் சூடு பறக்கத் தேய்ப்பாளே, அந்தப் புழக்கடை கண்முன் வந்துவிடுகிறது. நீ சீக்கிரம் வந்து சேர், ஏட்டி. சோறு வடித்தால் ஒரு ஆளுக்கு எப்போதும் மிஞ்சுகிறது.

அப்பாவின் கண் புரை ஆபரேஷனை நீ கிளம்புவதற்கு முன்னாலேயே முடித்துவிடுங்கள். இந்த மாதம் ஷிப்ட் மாறியதால் பணம் கொஞ்சம் தள்ளித்தான் வரும், அம்மா வேறு எதையும் நினைக்க வேண்டாம். சித்தப்பா பட்டாவை எடுத்துக்கொண்டு வந்தால், வில்லங்கம் போட்டுப் பார்க்காமல் அப்பா கையெழுத்து வைக்கக் கூடாது. மாடிச் சுவருக்குக் கொத்தனார் கேட்கிற முன்பணத்தில் பாதி மட்டும் கொடு, மீதி பூச்சு முடிந்த பிறகு.

அன்புடன்,
அக்கா