‘போர்டு போய்விட்டது’ என்பதற்கு அளவீடு வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வாஷிங் மெஷின் நின்றுபோனது என்று சர்வீஸ் சென்டருக்குச் சொல்லியனுப்பினால், வருகிற மெக்கானிக் திரையில் மின்னும் பிழைக் குறியீட்டைப் பார்த்த மாத்திரத்தில் ‘போர்டு போய்விட்டது’ என்று சொல்லிவிடுவது இப்போது வழக்கமாகிவிட்டது. மெஷினை இயக்கும் மின்னணுப் பலகையான, பல ஆயிரம் ரூபாய் விலையுள்ள அந்தப் போர்டை மாற்றச் சொல்வதற்கு முன், பழுது அதில்தான் இருக்கிறது என்பதை அளந்து பார்த்து, அந்த அளவைச் சர்வீஸ் ரசீதில் எழுதிக் கொடுப்பதைக் கட்டாயமாக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்ளவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

சென்ற மழைக்காலத்தில் எங்கள் வீட்டு ஃப்ரண்ட் லோடு மெஷின், கதவு பூட்டவில்லை என்ற குறியீட்டைக் காட்டி நின்றது. நிறுவனத்தின் சார்பில் வந்தவர் பின்பக்க மூடியைக்கூடக் கழற்றாமல் புதிய போர்டுக்கு விலை சொன்னார். பிறகு எங்கள் தெருவில் உள்ள எலக்ட்ரீஷியன் ஒருவர் மெஷினைச் சாய்த்துப் பார்த்தபோது, கதவுப் பூட்டுக்குப் போகும் வயர்க் கொத்தில் ஒரு வயரை எலி கடித்திருந்தது. செம்பு இழைகள் பச்சை பூத்துத் தனித்தனியாகத் தொங்கின. அவர் அதைப் பற்றவைத்து, மேலே ஸ்லீவ் போட்டுக் கொடுத்தார். அதே போர்டுடன் மெஷின் இன்றும் ஓடுகிறது.

பிழைக் குறியீடு எதைச் சொல்கிறது என்பதில்தான் குழப்பம் தொடங்குகிறது. பல மெஷின்களில், கதவை மூடியதும் பூட்டுக்குள் இருக்கும் சிறு வில்லை மின்சாரத்தால் சூடேறி, ஈருலோகப் பட்டையை வளைத்து, தாழைத் தள்ளுகிறது; அதன் பின்னரே உள்ளிருக்கும் சுவிட்ச் இணைந்து, பூட்டியாயிற்று என்று போர்டுக்குத் தெரிவிக்கிறது. இந்தச் சங்கிலியில் வில்லை, சுவிட்ச், வயர், கனெக்டர், போர்டு ஆகியவற்றில் எது கெட்டாலும் திரையில் வருவது அதே குறியீடுதான். நீர்மட்டக் குறியீடும் அப்படியே. தொட்டியின் அடியிலிருந்து சென்சாருக்கு ஏறும் மெல்லிய குழாயில் சோப்புக் கசடும் துணிநூலும் அடைத்துக்கொண்டாலே மட்டம் தவறாகத் தெரியும். எங்கள் ஊர் போன்ற கடற்கரை ஊர்களில் உப்புக்காற்றால் கனெக்டர் பின்கள் அரித்துப்போவதும் உண்டு.

இவற்றைக் கண்டறிய, மின்னழுத்தத்தையும் மின்தடையையும் அளக்கும் ஒரு மல்டிமீட்டர் பெரும்பாலும் போதும். 230 வோல்ட்டில் இயங்கும் தண்ணீர் வால்வின் சுருள் பொதுவாகச் சில ஆயிரம் ஓம் மின்தடை காட்டும். எல்லையின்றிக் காட்டினால் சுருள் அறுந்துவிட்டது, பூஜ்யத்தை ஒட்டிக் காட்டினால் ஷார்ட் ஆகிவிட்டது. ஷார்ட் ஆன வால்வு, போர்டில் இருந்து தன்னை இயக்கும் ட்ரையாக் என்ற மின்னணு சுவிட்சையும் சேர்த்து எரித்துவிடக்கூடும். வால்வைச் சோதிக்காமல் புதுப் போர்டைப் பொருத்தினால் அதுவும் அதே வழியில்தான் போகும். வாடிக்கையாளர் இரண்டாம் முறையும் பணம் கட்ட நேரிடும்.

போர்டு உண்மையாகவே பழுதாவதும் உண்டு என்பதை மறுக்கவில்லை. இடி விழுந்த பிறகோ, கம்பத்தில் நியூட்ரல் அறுந்து மின்னழுத்தம் எகிறிய பிறகோ, அதிக மின்னழுத்தத்திலிருந்து காக்கும் வேரிஸ்டர் கருகி, மின்னேற்றத்தைச் சேமிக்கும் கெப்பாசிட்டர் உப்பி, மெஷினில் விளக்கே எரியாமல் போகும். அப்போதும் கெட்டவை பெரும்பாலும் மலிவான சில பாகங்களே. சென்னை ரிச்சி தெருவில் போர்டு சர்வீஸ் செய்கிறவர்களுக்கு இது அன்றாட வேலை. ஈரம் புகாதிருக்க நிறுவனங்கள் போர்டின் மேல் ஊற்றும் ரெசின் நம் தட்பவெப்பத்துக்குத் தேவையானதுதான் என்றாலும், அதைச் சுரண்டி எடுக்க வேண்டியிருப்பதே அவர்களுக்குப் பெருந்தடையாக இருக்கிறது.

வாசகர்கள் தாங்களே மூடியைக் கழற்ற வேண்டாம் என்பதையும் அழுத்தமாகச் சொல்ல வேண்டும். பல போர்டுகளில், வீட்டு மின்சாரத்திலிருந்து பிரித்துவைக்கும் மின்மாற்றித் தடுப்பு இல்லாததால் 5 வோல்ட் பகுதியைத் தொட்டாலும் ஷாக் அடிக்கும். பிளக்கைப் பிடுங்கிய பின்னும் கெப்பாசிட்டரில் மின்னேற்றம் சிறிது நேரம் தங்கியிருக்கும். பிளக்கைப் பிடுங்கிச் சில நிமிடம் கழித்து மீண்டும் போட்டுப் பார்ப்பது, தண்ணீர் வரும் வழியிலுள்ள வலையையும் பம்ப் ஃபில்டரையும் சுத்தம் செய்வது ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்வதே நல்லது.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 மார்ச் முதல், வாஷிங் மெஷின்களின் போர்டு, சென்சார், பம்ப் உள்ளிட்ட உதிரி பாகங்கள் அந்த மாடலின் கடைசி மெஷின் விற்பனைக்கு வந்து 10 ஆண்டுகள் வரையிலாவது கிடைக்க வேண்டும் என்பது விதி. பிழைக் குறியீடு பற்றிய தகவலையும் தகுதியுள்ள வெளி மெக்கானிக்குகளுக்கு அளித்தாக வேண்டும். நம் மத்திய நுகர்வோர் விவகாரத் துறையும் 2022 டிசம்பரில் பழுதுநீக்கும் உரிமைக்கென ஓர் இணையதளத்தைத் தொடங்கி, வீட்டு உபயோகப் பொருள்களையும் அதில் சேர்த்திருக்கிறது. அந்த முயற்சி சட்டபூர்வமான கடமையாக வேண்டும். குறியீடுகளின் பொருளும் சோதனை அளவுகளும் வெளியிடப்பட வேண்டும். மாற்றிய பழைய போர்டை வாடிக்கையாளர் கேட்டால் திருப்பித் தர வேண்டும். அதுவரை, அளந்து காட்டாமல் போர்டை மாற்றச் சொன்னால், சம்மதிப்பதற்கு முன் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகாரைப் பதிவு செய்யுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
தூத்துக்குடி.