'திஸ் ட்ரீ, கட் ஆர் நோ கட்?' கவுண்டி கமிஷனர்களுக்கு ஒரு திறந்த மடல்

நியூ ஜெர்சியில் எங்கள் கவுண்டியை, அதாவது மாவட்டத்தை, ஆளும் மதிப்பிற்குரிய கமிஷனர்களுக்கும், தோட்டச் சந்தேகங்களுக்குத் தொலைபேசியில் பதில் சொல்லும் உதவி மேசையை நடத்துபவர்களுக்கும்,

வணக்கம்.

போன வாரம் உங்கள் வண்ணத் துண்டறிக்கை மறுபடியும் எங்கள் வீட்டுத் தபால் பெட்டிக்கு வந்து சேர்ந்தது. சிவப்பு இறக்கையை விரித்தபடி லேன்டர்ன்ஃப்ளை என்கிற பூச்சி, அதை மிதிக்கப் போகும் ஒரு பெரிய ஷூ. 'பார்த்தால் மிதியுங்கள்!' என்று தலைப்பு. கீழே, 'சந்தேகமா? எங்களை அழையுங்கள்!' என்று ஒரு தொலைபேசி எண். அதற்கும் கீழே எறும்பு அளவு எழுத்தில், 'செவ்வாய், வியாழன், காலை 10 முதல் 12 வரை.'

அந்தக் கடைசி வரியைப் பற்றித்தான் இந்த மடல்.

தமிழில் ஏன் எழுதுகிறேன் என்று கேட்பீர்கள். ஆங்கிலத்தில் மூன்று முறை எழுதியாயிற்று. மூன்றுக்கும் 'உங்கள் கருத்து எங்களுக்கு முக்கியமானது' என்று ஒரே பதில், அதுவும் நான் அனுப்பிய அதே நிமிடத்தில் வந்தது. படிப்பதற்கு முன்னாலேயே முக்கியம் என்று தெரிந்துகொள்கிற அலுவலகத்துக்கு எந்த மொழியில் எழுதினால் என்ன? தவிர, மொழி மாற்றும் பொத்தான் உங்களிடமே இருக்கிறது. அதை அழுத்தினால் லேன்டர்ன்ஃப்ளை 'விளக்கு ஈ' ஆகிவிடுகிறது. விளக்கு ஈயைப் பற்றி யாரிடம் போய் என்ன கேட்பது?

பூச்சியின் பூர்வீகம் உங்களுக்குத் தெரியும். 2014ல் பக்கத்து பென்சில்வேனியாவின் பெர்க்ஸ் கவுண்டியில் கண்டுபிடித்தார்கள், 2018ல் நியூ ஜெர்சிக்குள் வந்துவிட்டது. அதைக் கொண்டுவந்து விட்டது நீங்கள் இல்லை. ஒழிக்காததற்கும் உங்கள் மேல் கோபம் இல்லை. ஜப்பான் வண்டு இந்த நாட்டில் முதன்முதலில் 1916ல் தலைகாட்டியதும் நம் மாநிலத்தில்தான், ரிவர்ட்டன் பக்கம் ஒரு நர்சரியில். நூறு வருடம் தாண்டியும் எங்கள் வெண்டைச் செடியின் இலை இன்னும் சல்லடையாகத்தான் இருக்கிறது. பூச்சி போகாது, சரி. கேட்டால் பதில் சொல்ல ஓர் ஆள் வேண்டும். அவ்வளவுதான் கேட்கிறேன்.

எங்கள் வீட்டுக் கொல்லையில் ஒரு திராட்சைப் பந்தல் இருக்கிறது. போட்டது என் அம்மா. அவருக்குக் கம்பம் பள்ளத்தாக்கு. பன்னீர்த் திராட்சைக்குக் கவாத்து செய்தே வளர்ந்த கை. இங்கே வந்தால் ஆறு மாதம் இருப்பார். அந்த ஆறு மாதமும் பந்தலடியில்தான் குடித்தனம். செவட்டை நோய், மாவுப்பூச்சி எல்லாம் அவருக்குப் பழைய பகையாளிகள். இந்தப் பூச்சி புதுசு. 'சிவப்புப் பாவாடை' என்று பெயர் வைத்தார். போன வருடம் ஜூலையில் சிவப்புப் பாவாடைகள் பந்தல் முழுக்க ஏறிவிட்டன. கொடியின் சாற்றை உறிஞ்சிவிட்டு அது கழிக்கிற இனிப்பு நீர் இலையெல்லாம் சொட்டி, அதன் மேல் கரும்பூசணம் படர்ந்து, பந்தலுக்குக் கீழே கிடந்த பிளாஸ்டிக் நாற்காலி கரி பூசியது போல ஆயிற்று. அந்த இனிப்புக்குக் குளவி வந்தது. குளவி என் பையனின் காதுமடலில் கொட்டியது.

கடையில் ஒட்டும் நாடா விற்றார்கள். வாங்கி மரத்தைச் சுற்றி ஒட்டினோம். மூன்றாம் நாள் அதில் ஒரு சின்னக் குருவி இறக்கையோடு ஒட்டிக்கொண்டு கிடந்தது. அம்மா சமையல் எண்ணெயைத் தொட்டுத் தொட்டு அதைப் பிரித்தெடுத்தார். புதருக்குள் போனது. பிழைத்ததா என்று தெரியாது. நாடாவுக்கு மேல் வலை சுற்ற வேண்டும், அதைவிடப் பை வைத்த வளையப் பொறி நல்லது என்பது பிறகு தெரிந்துகொண்டது. முன்னாலேயே சொல்ல ஆள் இருந்திருந்தால் அந்தக் குருவி தப்பியிருக்கும்.

இப்போது மரத்துக்கு வருகிறேன். எங்கள் வேலியோரம் ஒரு ட்ரீ ஆஃப் ஹெவன் நின்றது. இந்தப் பூச்சிக்கு மிகவும் பிடித்த மரம், அதுவும் சீனாவிலிருந்து வந்ததுதான். 1784ல் பிலடெல்பியாவுக்கு அழகுக்காகக் கொண்டுவந்தார்களாம். அம்மா இலையைக் கசக்கி மோந்து பார்த்துவிட்டு, "இது நம்ம ஊர் பெருமரத்துக்கு ஒண்ணுவிட்ட தம்பி மாதிரி இருக்கு" என்றார். தீக்குச்சிக்கு வளர்க்கிறோமே, பீநாறி என்றும் சொல்வார்களே, அது. இரண்டும் ஒரே பேரினம்தான், தேடிப் பார்த்தேன். நாங்கள் பீநாறி என்கிற குடும்பத்துக்கு நீங்கள் சொர்க்கம் என்று பெயர் வைத்திருக்கிறீர்கள். அது உங்கள் விருப்பம்.

மரத்தை வெட்டலாமா, கூடாதா? கேள்வி இவ்வளவுதான்.

நான் வேலை பார்ப்பது ஒரு மருந்துக் கிடங்கில். உள்ளே போகும்போது கைபேசியை லாக்கரில் வைத்துவிட வேண்டும். செவ்வாய் 10 மணிக்கும் வியாழன் 10 மணிக்கும் அது லாக்கரில்தான் இருக்கும். மனைவிக்கும் அதே கதை. அதனால் ஆகஸ்ட் கடைசிச் செவ்வாய் அன்று அம்மாவே அழைத்தார். எங்களிடம் சொல்லவில்லை. முந்தின நாள் ராத்திரி பேரனிடம் கேட்டுக் கேட்டு, மளிகைச் சீட்டின் பின்பக்கத்தில் ஆங்கிலத்தைத் தமிழ் எழுத்தில் எழுதி வைத்திருந்திருக்கிறார். அந்தச் சீட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. அப்படியே தருகிறேன்:

'ஹலோ. குட் மார்னிங். மை ஹவுஸ் ட்ரீ. ரெட் பூச்சி இன்செக்ட் மெனி மெனி. திஸ் ட்ரீ, கட் ஆர் நோ கட்? ப்ளீஸ் டெல். தேங்க் யூ.'

'பூச்சி'யை அடித்துவிட்டு 'இன்செக்ட்' என்று எழுதியிருக்கிறார். மேசையின் மேல் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் நான்கு பூச்சி, பக்கத்தில் அந்த மரத்தின் ஓர் இலை. பூச்சியைக் காட்டச் சொன்னால் காட்ட வேண்டுமே என்று. தொலைபேசியில் எப்படிக் காட்டுவார் என்று சிரிக்கலாம். நானும் அப்போது சிரித்தேன்.

யாரும் எடுக்கவில்லை. ஒன்றை அழுத்து, மூன்றை அழுத்து என்று சொல்லிவிட்டு, கடைசியில் பீப் சத்தம். அம்மா அந்த பீப்புக்குத் தன் சீட்டை முழுசாக வாசித்துவிட்டு, பேரன் சொல்லிக்கொடுத்தபடி என் மின்னஞ்சல் முகவரியையும் எழுத்தெழுத்தாகச் சொல்லி வைத்தார்.

பதினோரு நாள் பார்த்தோம். பதினோராம் நாள் சனிக்கிழமை. எனக்கு விடுமுறை. பக்கத்து வீட்டுக்காரர் ரம்பம் கொடுத்தார். வெட்டிவிட்டேன்.

அம்மா பேசிய நாளிலிருந்து 23ஆம் நாள், ஒரு வியாழக்கிழமை, உங்கள் மேசையிலிருந்து மின்னஞ்சல் வந்தது. நல்ல பதில், அன்பான பதில், அந்தச் சீட்டின் ஆங்கிலத்தைச் சரியாகப் புரிந்துகொண்டு எழுதிய பதில். எழுதியவர் யாராக இருந்தாலும் அவருக்கு என் நன்றி. 'தயவுசெய்து உடனே வெட்டிவிடாதீர்கள். அடிமரத்தில் கொத்து போட்டு மருந்து வைக்க வேண்டும். கோடையின் பிற்பாதியில் மரம் சாற்றை வேருக்கு அனுப்புகிற சமயத்தில் வைத்தால் மருந்தும் கூடவே இறங்கும். ஒரு மாதமாவது விட்டு அப்புறம் வெட்டுங்கள். வெறுமனே வெட்டினால் வேர் மிரண்டு போய்ச் சுற்றிலும் கன்று விடும்' என்று இருந்தது.

விட்டது. இந்த மே மாதம் அம்மா மறுபடி வந்தார். பெட்டியைக்கூடப் பிரிக்காமல் கொல்லைக்குப் போனவர் எண்ணிக்கொண்டே வந்தார். நாற்பத்தேழு கன்று. கத்தரிப் பாத்தியில் ஒன்பது. வேலிக்கு அந்தப் பக்கம், ரம்பம் கொடுத்த மனிதரின் புல்தரையில், பதினாறு. அவர் இன்னும் வணக்கம் சொல்கிறார், ஆனால் முன்னைப் போல நின்று பேசுவதில்லை.

சரியான நேரத்தில் சரியான கேள்வியைத்தான் அம்மா கேட்டார். அதற்குச் சரியான பதிலும் உங்களிடம் இருந்தது. நடுவில் 23 நாள் எங்கே போயிற்று என்பதற்குத்தான் எனக்கு விளக்கம் வேண்டும்.

கம்பத்தில் இருக்கும் அம்மாவின் தங்கை, தன் அவரைக் கொடியில் அசுவினி விழுந்தால், இந்திய அரசின் விவசாய உதவி எண்ணான கிசான் கால் சென்டரைக் கூப்பிடுகிறார். 2004ல் தொடங்கியது அது. காலை 6 மணியிலிருந்து இரவு 10 மணி வரை, ஞாயிற்றுக்கிழமை உட்பட, தமிழில் பேசலாம். அங்கே எல்லாம் பிரமாதம் என்று சொல்ல வரவில்லை, குறை சொல்லத் தொடங்கினால் இன்னொரு மடல் வேண்டும். ஆனால் கொல்லையில் பூச்சியைப் பார்க்கிறவன் எந்த நேரத்தில் பார்ப்பான் என்று அங்கே யாரோ ஒருவர் யோசித்திருக்கிறார்.

தொண்டர்களைக் குறை சொல்கிறேன் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். உங்கள் மேசையில் பதில் சொல்கிற மாஸ்டர் கார்டனர்கள் சம்பளம் வாங்காமல், படித்துத் தேர்ந்து, தங்கள் நேரத்தைத் தருகிறவர்கள். அவர்களை வாரத்தில் நான்கு மணி நேரம் உட்கார வைத்துவிட்டு, கவுண்டி முழுக்க எண்ணைத் துண்டறிக்கையில் அச்சடித்து அனுப்புவது அவர்களுக்கும் அநியாயம். 1914ல் விவசாய விரிவாக்கச் சேவைக்கான ஸ்மித்-லீவர் சட்டம் வந்தபோது மத்திய அரசு, மாநிலப் பல்கலைக்கழகம், கவுண்டி மூன்றும் சேர்ந்து குடியானவன் வீட்டு வாசலுக்கு அறிவைக் கொண்டுபோக வேண்டும் என்றுதான் இந்த ஏற்பாட்டைச் செய்தார்கள். வாசலுக்கு வர வேண்டாம். தொலைபேசியை எடுத்தால் போதும்.

நாட்டிலேயே அதிக வீட்டு வரி கட்டுகிற மாநிலம் இது என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கார் நம்பர் பிளேட்டில் 'தோட்ட மாநிலம்' என்று வேறு எழுதி வைத்திருக்கிறோம். எங்கள் தெருவுக்குப் பின்னால் சைக்கிள் பாதை போகிறதே, உங்கள் நிலம், அங்கே சொர்க்க மரம் தோப்பாக நிற்கிறது. அதிலேயே ஒரு மரத்தில் 'பார்த்தால் மிதியுங்கள்' பலகையை ஆணி அடித்து மாட்டியிருக்கிறீர்கள். அந்தப் பலகையின் பின்பக்கத்திலேயே பூச்சி முட்டையிட்டிருந்தது, காய்ந்த சேறு அப்பியது போல. ஒரு அப்பலில் 30 முதல் 50 முட்டை இருக்கும். அக்டோபரில் ஊருக்குப் போவதற்கு முன் அம்மா அதைத் தோசைத் திருப்பியால் சுரண்டி, கை கழுவும் ஆல்கஹால் ஊற்றிய பையில் போட்டு முடிச்சுப் போட்டார். கவுண்டி சொத்தில் கை வைத்ததற்கு அபராதம் உண்டென்றால் சொல்லிவிடுங்கள், கட்டிவிடுகிறேன். வெளியூர் போகும்போது கார் சக்கரத்தின் உள்பக்கம் வரை பூச்சி இருக்கிறதா என்று பார்த்து ஒரு பட்டியலில் டிக் போடச் சொன்னீர்கள். போட்டேன். உங்கள் தோப்புக்கு அப்படி ஒரு பட்டியல் இருக்கிறதா?

2021 ஜனவரியில் உங்கள் பதவிக்கே பெயர் மாறியது. காலனி காலத்திலிருந்து வந்த 'ஃப்ரீஹோல்டர்' போய் 'கமிஷனர்' வந்தது. நல்ல மாற்றம். அவ்வளவு பழைய சொல்லை மாற்ற முடிந்த இடத்தில், பத்து முதல் பன்னிரண்டு என்பதை மாற்ற முடியாதா?

கோபத்தில் எங்கெங்கோ போய்விட்டேன். மன்னிக்கவும். தோப்பைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். கேட்க வந்தது ஒன்றுதான். ஏப்ரலிலிருந்து அக்டோபர் வரையிலாவது சனிக்கிழமை காலை மூன்று மணி நேரம், வாரத்தில் ஒரு நாள் மாலை இரண்டு மணி நேரம், அந்த எண்ணை ஓர் ஆள் எடுக்க வேண்டும். எடுப்பவருக்குத் தமிழோ, தெலுங்கோ, குஜராத்தியோ, ஸ்பானிஷோ தெரிய வேண்டாம். தொலைபேசியிலேயே மொழிபெயர்ப்பாளரை இணைக்கிற வசதி மருத்துவமனைகளில் எப்போதோ வந்துவிட்டது. அதை இங்கேயும் கொண்டுவாருங்கள். ஆள் போதவில்லை என்றால் எங்கள் தமிழ்ச் சங்கத்திலும் கோயிலிலும் சனிக்கிழமை சும்மா இருக்கிற பெரியவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். பாதிப் பேர் விவசாயம் பார்த்தவர்கள். பயிற்சி கொடுத்தால் வருவார்கள். யாரும் கேட்டதில்லை, அதனால் வந்ததில்லை.

இது ஜூன். ஜூலையிலிருந்து செப்டம்பர் வரைதான் இந்த மரத்துக்கு மருந்து வைக்கிற காலம். எங்களிடம் நாற்பத்தேழு கன்று இருக்கிறது. எந்த மருந்து, எவ்வளவு, கத்தரிப் பாத்திக்குள் நிற்கிற ஒன்பதை என்ன செய்வது என்று கேட்க வேண்டியிருக்கிறது. அதற்குள் ஒரு சனிக்கிழமையைத் திறந்துவிடும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தோட்ட மாநிலத்தில் வரி கட்டும் ஒருவன்

பி.கு.: எங்கள் ஊரில் பெருமரத்துத் தழையை ஆடு தின்னும். இந்தச் சொர்க்க மரத்துக் கன்றை ஆடு தின்னுமா என்று அம்மா கேட்கச் சொன்னார். செவ்வாய்க்கிழமை அழைக்க முடியாததால் இங்கேயே கேட்டு வைக்கிறேன்.