பண்ணையில் பிறந்த வில்லன்

அன்புள்ள செல்வராசு,

உன் கடிதம் வந்து மாசக்கணக்காகிறது. பதில் போடாததற்கு என்னிடம் இருப்பது பழைய சாக்குகள்தான், நீ நம்பவும் போவதில்லை. வீட்டில் எல்லோரும் சுகம். எனக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, மருமகன்தான் இல்லை. அந்தப் புராணம் நேரில்.

இப்போது எழுதக் காரணம் வேறு. திருவல்லிக்கேணி நடைபாதையில் அட்டை கிழிந்த ஆங்கிலச் சொற்பிறப்பு அகராதி ஒன்று கிடைத்தது. ராத்திரி அதை வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் வீட்டில் விளக்கை அணைத்துவிடுகிறார்கள். அதில் உன்னைப் பார்த்தேனடா! ஆபீஸ் வேலை முடிந்ததும் ஊருக்குப் போய் ஏர் பிடிக்கிறாயே, பழைய கணக்குப்படி நீதான் வில்லன்.

கிண்டல் இல்லை. 'வில்லா' என்றால் லத்தீனில் நாட்டுப்புறப் பண்ணை. அங்கே பாடுபட்டவன் 'வில்லானுஸ்'. 1066இல் நார்மன்காரர்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு, அவர்களுடைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குள் வந்த சொல். 1086இல் வில்லியம் ராஜா எடுக்கச் சொன்ன டூம்ஸ்டே என்கிற நிலக் கணக்கைப் பார்த்தால், ஊருக்கு ஊர் இத்தனை வில்லானிகள், இத்தனை ஏர் என்றுதான் எழுதியிருக்கும். வாரத்தில் சில நாள் பிரபுவின் நிலத்தில் கூலியில்லாமல் உழைக்க வேண்டும். அனுமதியில்லாமல் ஊரைவிட்டுப் போகக்கூடாது. மகளைக் கட்டிக்கொடுக்கக்கூடப் பிரபுவுக்குப் பணம் அழ வேண்டும். இந்த மனுஷனுடைய பேர்தான் கொஞ்சம் கொஞ்சமாகக் 'கயவன்' ஆகி, நாடகத்துக்குள் புகுந்து, கடைசியில் நம்பியார் தலையில் வந்து விடிந்தது. அவரோ வருஷா வருஷம் சபரிமலைக்குப் போனவர், பாவம்.

ஒரு சொல் என்றால் விட்டுவிடலாம். 'சர்ல்' (churl) என்றால் சாதாரணக் குடியானவன், அவன் முரடன் ஆனான். 'பூர்' (boor) என்றால் உழவன், அவன் நாகரிகம் தெரியாதவன் ஆனான். எல்லாவற்றையும் மிஞ்சியது 'லூட்' (lewd). முதலில் அதற்குப் பாதிரி அல்லாதவன் என்றுதான் பொருள், நம்மைப் போல. அப்புறம் படிக்காதவன், அப்புறம் கீழ்மகன், கடைசியில் ஆபாசம்! எதிர்ப்பக்கம் பார். 'ஜென்டில்', 'ஜெனரஸ்' இரண்டுக்கும் முதல் பொருள் நல்ல குலத்தில் பிறந்தவன் என்பது மட்டுமே. மென்மையும் தயாளமும் பிற்பாடு ஒட்டிக்கொண்டவை. பேனா எவன் கையில் இருந்தது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

இன்னொன்று கேள். 'லார்ட்' என்ற சொல்லைப் பிரித்தால் ரொட்டிக் காவலன். 'லேடி' ரொட்டி மாவு பிசைபவள். அண்டிப் பிழைத்த வேலையாளுக்குப் பழைய ஆங்கிலத்தில் ஒரு பேர் இருந்தது: ரொட்டி தின்பவன். விளைவித்தவனுக்குத் தின்னி என்று பேர்! அன்றைக்கு எனக்குத் தூக்கம் போய்விட்டது.

1381இல் கென்ட், எசெக்ஸ் பக்கத்து ஜனங்கள் கிளர்ந்து லண்டனுக்குள் புகுந்தார்கள். தலைவரிதான் உடனடிக் காரணம். ஆனால் பல ஊர்களில் அவர்கள் தேடித் தேடிக் கொளுத்தியது பண்ணை ஏடுகளை. யார் எந்தப் பிரபுவுக்குக் கட்டுப்பட்டவன் என்று எழுதிவைத்த ஏடுகள். எழுத்துதான் கட்டிப்போடுகிறது என்று எழுதப்படிக்கத் தெரியாதவனுக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது. 'ஆதாம் மண் கொத்தி ஏவாள் நூல் நூற்றபோது கனவான் எவன் இருந்தான்?' என்று ஜான் பால் என்கிற பாதிரி கேட்டாராம். 14 வயது ராஜா ரிச்சர்ட் விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்தான். தலைவன் வாட் டைலரை வெட்டிப் போட்ட பிறகு, சில வாரத்தில் அதை ரத்து செய்தான்.

இதைப் படிக்கும்போது உன் தாத்தா நினைவு வந்தது. 1952இல் பண்ணையாள் சட்டம் வந்த கதையைச் சொல்வாரே, கணக்குப்பிள்ளை நோட்டில் தன் பேரே இருக்காது, 'கீழத்தெரு ஆள்' என்றுதான் இருக்கும் என்று. அந்த நோட்டு யாரிடமாவது மிஞ்சியிருக்குமா? விசாரித்துப் பாரேன். நான் நிஜமாகத்தான் கேட்கிறேன்.

மொட்டையிடம் ஒரு விஷயம் சொல்லிவிடு. எதற்கெடுத்தாலும் 'நைஸ், நைஸ்' என்பானே, அந்தச் சொல் ஆங்கிலத்துக்கு வந்த புதிதில் அதற்கு மடையன் என்று அர்த்தம். இத்தனை வருஷமாக அவன் தன்னைத்தான் அறிமுகப்படுத்திக்கொண்டிருக்கிறான்.

அவன் மகள் கல்யாணத்துக்கு நீ வருவாய்தானே? லாட்ஜ் எல்லாம் வேண்டாம், இங்கேயே தங்கு. வரும்போது தூயமல்லி அரிசி பத்து கிலோ எடுத்து வா, காசு தருகிறேன். அகராதியை மட்டும் கேட்காதே.

உன்,
கோபாலன்