வேட்டங்குடிக்கு எப்போது வருகிறாய்?

அன்புள்ள சாந்தி,

இங்கே எல்லோரும் நலம். அத்தைக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ரோசி டீச்சரைக் காரைக்குடி பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். உன்னைத்தான் முதலில் விசாரித்தார். அந்தக் கோழிக் கிறுக்கல் கையெழுத்து இன்னும் மாறவில்லையா என்றும் கேட்டார். நான் காட்டிக்கொடுக்கவில்லை, போ.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன ஞாயிறு வேட்டங்குடி பறவைகள் சரணாலயத்துக்குப் போயிருந்தோம். திருப்பத்தூர் - மதுரை ரோட்டிலிருந்து பக்கம்தான். வேடந்தாங்கல் மாதிரி கூட்டம் இல்லை. கண்மாய்க் கரையில் நடந்தால் நம் செருப்புச் சத்தம் நமக்கே கேட்கிறது. தண்ணீருக்குள் நிற்கும் கருவேல மரமெல்லாம் ஒரே கூடு. நத்தைகுத்தி நாரை, வக்கா, பாம்புத்தாரா, வெள்ளை அரிவாள்மூக்கன், பேர் தெரியாதவை இன்னும் எத்தனையோ.

எனக்கு நத்தைகுத்தியை விட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை. அதன் அலகை மூடினாலும் நடுவில் ஓர் இடைவெளி தெரியும். குஞ்சுக்கு அது கிடையாது, வளர வளரத்தான் வரும். பாக்குவெட்டி மாதிரி நத்தையை நொறுக்கத்தான் அந்த இடைவெளி என்று ஒரு காலத்தில் நினைத்தார்களாம். அப்படியில்லை. கீழ் அலகின் நுனியை ஓட்டுக்குள் விட்டு, ஒட்டியிருக்கும் தசையை அறுத்துச் சதையை மட்டும் உருவிவிடுகிறது. நமக்குக் கத்தி கொடுத்தாலும் அவ்வளவு சுத்தமாக வராது!

ஆனால் நான் உனக்கு எழுத உட்கார்ந்தது அந்த ஊர்க்காரர்களைப் பற்றிச் சொல்லத்தான். பக்கத்திலேயே கொள்ளுகுடிப்பட்டி. பறவைகள் பயந்துவிடும் என்று அங்கே பல வருஷமாகத் தீபாவளிக்கு வெடி போடுவதில்லை. திருவிழாவுக்கும் கிடையாது, சாவு வீட்டிலும் கிடையாது. அரசாங்கம் சரணாலயம் என்று அறிவித்ததே 1977இல்தான். ஊர் அதற்கு முன்பிருந்தே இந்தப் பறவைகளைத் தன் பொறுப்பாக நினைத்திருக்கிறது. ஒரு வெடிகூடக் கேட்காமல் வளர்கிற பிள்ளைகளை நினைத்துப் பார். எந்தச் சட்டம் போட்டு இதை நடத்த முடியும்?

கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு அப்பத்தாவிடம் கேட்டேன். "தாய் வீடுன்னு பிரசவத்துக்கு வந்த புள்ளைகள விரட்டுவாகளா ஆத்தா?" என்றார். எனக்கு உங்கள் அம்மா ஞாபகம் வந்துவிட்டது. என் அம்மா இறந்த வருஷம், ஏழாம் மாசம் பெட்டியோடு வந்து நின்ற என்னை ஒரு வார்த்தை கேட்காமல் உள்ளே கூட்டிப்போய்ச் சோறு போட்டார்களே. அந்த வீட்டில்தானே என் பெரியவள் பிறந்தாள். கரையிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

ஒரே கவலை மழைதான். கண்மாய் நிறையாத வருஷம் பறவைகள் வேறு இடம் பார்த்துப் போய்விடும். இந்த வருஷம் தண்ணீர் கிடக்கிறது, கூடுகளில் குஞ்சு இருக்கிறது. மாசி பிறப்பதற்குள் வந்துவிடு. லீவு இல்லை என்ற பழைய பாட்டெல்லாம் வேண்டாம். அம்மாவையும் கூட்டி வா. கரை ஏறுவது சிரமம் இல்லை, நான் கையைப் பிடித்துக்கொள்கிறேன். உங்கள் வீட்டுப் பைனாகுலரையும் எடுத்து வா. காலை ஆறரைக்கே அங்கே இருக்க வேண்டும், அதனால் முதல் நாள் ராத்திரி நம் வீட்டில் தங்கல். எந்தத் தேதி என்று உடனே எழுது.

அன்புடன்,
கலா