கீசருக்குள் சிலந்தி: நம் குடியிருப்பு நிர்வாகக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய குழுவினருக்கு வணக்கம்.

காஸில் தண்ணீர் சுடவைக்கும் கீசரால் எதிர்வீட்டு ஆயா மயங்கி விழுந்த விவகாரம் நீங்கள் அறிந்ததே. சென்ற வாரம் நீங்கள் ஒட்டிய சுற்றறிக்கைதான் என்னை எழுத வைத்தது. கீசருக்குள் பூச்சி தென்பட்டால் குடியிருப்போரே மருந்து தெளித்துக்கொள்ள வேண்டுமாம். பெரும்பாலான ஸ்பிரே டப்பாக்களில் மருந்தைப் பீய்ச்சித் தள்ளுவதே எரியக்கூடிய வாயுதான். அதைச் சுடர் எரியும் பெட்டிக்குள் அடிக்கலாமா? தயவுசெய்து அந்தத் தாளை இன்றே அகற்றுங்கள்.

தென்னாப்பிரிக்காவின் நம் லெனேசியாவில் ஆடி என்றால் கடுங்குளிர். ஆடி வெள்ளியன்று விடியலில் தலை முழுகி, அம்மனுக்குக் கூழ் ஊற்றக் கிளம்பிய எதிர்வீட்டு ஆயா, தலை சுற்றிக் குளியலறை வாசலிலேயே சரிந்துவிட்டார். பேரன் வெளியே தூக்கி வந்ததால் பிழைத்தார். குளியலறைச் சன்னலை ஒட்டி, நான்கு பக்கமும் அடைத்த பின்கட்டில்தான் அந்த கீசர் இருக்கிறது.

அன்று மாலை பதிவுபெற்ற காஸ் தொழிலாளி அதன் மூடியைக் கழற்றியபோது பக்கத்தில் நின்றேன். உள்ளே கரி அப்பியிருந்தது. பர்னர் குழாய்க்குள் மெல்லிய பிரஷை விட்டு இழுத்தார். நசுங்கிய வெள்ளைப் பட்டுப்பை ஒன்று முட்டைகளோடு வந்தது. பின்னாலேயே வெளிர்மஞ்சள் சிலந்தி. ஜெட்டின் ஊசித்துளையிலிருந்து பீறிடும் காஸ், அந்தக் குழாயில்தான் காற்றை இழுத்துக் கலந்துகொள்கிறது. வலை குறுக்கிட்டால் காற்று போதாது. நீலச் சுடர் மஞ்சளாகும், கரி படியும், கார்பன் மோனாக்சைடு என்ற நச்சுவாயு கிளம்பும். காஸ் கசிந்தால் அதில் கலந்திருக்கும் நாற்றமே காட்டிக்கொடுக்கும். இந்த நச்சுக்கோ நிறமும் இல்லை, மணமும் இல்லை.

எங்கள் கோரிக்கை ஒன்றுதான்: ஒவ்வொரு வீட்டு பர்னரையும் ஆண்டுதோறும் குளிருக்கு முன் திறந்து சுத்தம் செய்யுங்கள்.

சட்டப்படி தகுதிச் சான்றிதழ் இருக்கிறது என்கிறீர்கள். இருக்கிறது, பொருத்திய அன்று எல்லாம் சரியாக இருந்தது என்பதற்கு அது சான்று. அதற்குப் பிறகு குடியேறிய சிலந்தியை அது தடுக்குமா? கோடையில் பலரும் பச்சைத் தண்ணீரில் குளிப்பதால் கீசர் சும்மா கிடக்கிறது, பூச்சிக்கு அதுவே வசதி. சிலந்தி என்ன செய்துவிடும் என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார். பெட்ரோல் தொட்டியின் காற்றுக்குழாயில் சிலந்தி வலை கட்டியதற்காக 2011இல் மாஸ்டா நிறுவனம் வட அமெரிக்காவில் ஏறத்தாழ 65,000 கார்களைத் திரும்ப அழைத்தது. அவர்கள் அதை அற்பமாக நினைக்கவில்லை.

மின்வெட்டு உச்சத்தில் இருந்த 2023இல் எங்களைக் காஸுக்கு மாறச் சொன்னது நீங்கள். மாதந்தோறும் லெவி என்று பராமரிப்புக் கட்டணம் வாங்குவதும் நீங்கள். வாசற்கதவுக்கு வண்ணம் பூசப் பணம் வருகிறது, கேமரா மாற்றப் பணம் வருகிறது. ஒரு பிரஷுக்கும் ஒரு தொழிலாளியின் கூலிக்கும் மட்டும் அடுத்த கூட்டம் வரை பொறுக்கச் சொல்கிறீர்கள். கிழவியின் உயிர் அடுத்த கூட்டம் வரை பொறுக்குமா?

கோபத்தில் சொல் தடித்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கோரிக்கையை மட்டும் தள்ளிவிடாதீர்கள். இந்த மாதமே எல்லா வீட்டிலும் ஒருமுறை பர்னரைத் திறந்து சுத்தம் செய்யுங்கள். அடுத்த ஆண்டிலிருந்து ஏப்ரலில் தவறாமல் செய்யுங்கள். பதிவுபெற்ற தொழிலாளியையே அனுப்புங்கள். பூச்சி புகாமலிருக்க யாரும் காற்றுத்துளையில் துணியோ வலையோ கட்டவேண்டாம் என்றும், சுடர் மஞ்சளாகத் தெரிந்தால் உடனே அணைக்கவேண்டும் என்றும் அறிவிப்பு ஒட்டுங்கள். தேதியை முன்கூட்டியே சொன்னால் வேலைக்குப் போகிறவர்களின் சாவியை நானே வாங்கி வைக்கிறேன்.

இப்படிக்கு,
குடியிருப்போரில் ஒருவர்,
லெனேசியா, தென்னாப்பிரிக்கா